மாதாவுக்கும் டெப்புக்கும் குடை

கட்டாருக்கு வேலைக்கென்று எத்தனையோ பேர் போகிறார்கள். அதற்காக யாரும் கைதட்டுவதில்லை. தவராசா போனபோது மட்டும் டிலுக்ஷனுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. வான் வண்டியில் பெட்டிகளை ஏற்றி முடியும்வரை முகத்தை மரியாதைக்காகத் துக்கமாக வைத்திருந்தான். வான் ஒழுங்கை முனையால் திரும்பியதும் வீட்டுக்கு ஓடிப்போய்க் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றான்.

தவராசா 'நங்கூரம்' இசைக்குழுவின் லீட் கிற்றார்காரன். பாட்டின் நடுவில் எல்லாரும் அடங்கி ஒருவனை மட்டும் வாசிக்கவிடுவார்களே, அந்த ஒருவன். டிலுக்ஷன் அதே குழுவில் ரிதம் கிற்றார். அதாவது, நான்கு வருடமாக அவன் வாசித்தது யாருக்கும் கேட்டதில்லை. அவன் வராத நாட்களில் மட்டும் என்னவோ குறைகிறது என்பார்கள். என்ன குறைகிறது என்று அப்போதும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஒரு கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு அவனுடைய அம்மாவே கேட்டாள்: "எல்லாரும் வாசிக்கினம். நீ ஏன் தம்பி சும்மா சொறிஞ்சுகொண்டு நிக்கிறாய்?"

இப்போது லீட் இடம் காலி. அந்த இடத்துக்காக டிலுக்ஷன் எதையும் செய்யத் தயாராக இருந்தான், பயிற்சி உட்பட.

சிக்கல் இரண்டு. முதலாவது, தவராசா தன்னுடைய எபெக்ட் பெட்டிகளையும் கொண்டு போய்விட்டான். கிற்றாரின் சத்தத்தை எதிரொலிக்க வைக்கவும் உறுமவைக்கவும் காலால் மிதிக்கிற சின்னச் சின்னப் பெட்டிகள் அவை. அவை இல்லாவிட்டால் மேடையில் கிற்றார் தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரித்தான் கேட்கும். இரண்டாவது சிக்கல் றெக்சன். டிலுக்ஷனின் மாமா மகன். மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பவன். அவனும் அதே வாரம் அதே இடத்துக்கு ஆசைப்பட்டான்.

எபெக்ட் பெட்டிகளுக்கு மாற்றும் இரண்டு பேரிடமும் இருந்தது. றெக்சனிடம் சுவிஸ் சித்தப்பா அனுப்பிய லெப்டொப். டிலுக்ஷனிடம், கொரோனாக் காலத்தில் தங்கச்சியின் ஒன்லைன் வகுப்புக்கு வாங்கிய டெப்லெட். ஒரு மூலை வெடித்திருந்தது. பின்பக்கத்தில் தங்கச்சி ஒட்டிய பூனைப் படங்கள் இருந்தன. கிற்றார் வயரை இதற்குள் கொடுத்தால் இது சத்தத்தை உருமாற்றி ஒலி மிக்சருக்கு அனுப்பும். திரையில் சதுரம் சதுரமாக எபெக்ட்கள். டிலுக்ஷன் அவற்றுக்குத் தானே பெயர் வைத்திருந்தான். எதிரொலிக்குக் 'கிணறு'. உறுமலுக்குப் 'பழைய பஸ்'. சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டுவதற்குக் 'கொத்து'. ஒரு சுரத்துக்கு அடியில் இன்னொரு தடித்த சுரத்தைச் சேர்ப்பதற்கு 'யானை'.

குழுவின் தலைவர் பேணாட் அண்ணை. உட்துறைமுகக் கரையில் படகு எஞ்சின் திருத்துபவர். பேஸ் கிற்றார் வாசிப்பார். அவர் தலைவரானதற்குச் சங்கீதம் காரணமில்லை, ஸ்பீக்கர்கள் அவருடையவை.

"மாதா திருநாள் வருது," என்றார் பேணாட் அண்ணை. "மாதாவைக் கடலில கொண்டு வாற சுற்றுப்பிரகாரத்துக்கு எங்கட குழுதான் படகில வாசிக்குது. சின்ன மிக்சர். என்ர பேஸை விட்டா ஒரு கிற்றாருக்குத்தான் இடம். ரண்டு பேரும் இப்ப வாசிச்சுக் காட்டுங்கோ. படகில ஏறுறவன் ஒழுங்கா வாசிச்சா லீட் அவனுக்கு."

பேணாட் அண்ணையின் வேலைக் கொட்டிலில், எஞ்சின்களுக்கு நடுவில் பரீட்சை நடந்தது. றெக்சன் லெப்டொப்பைத் திறந்தான். உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியது. பழுதுபார்க்க வந்திருந்த எஞ்சின் ஒன்றுதான் தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நினைத்துப் பேணாட் அண்ணை திரும்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள முந்நூறு எபெக்ட் கிடக்கு அண்ணை," என்றான் றெக்சன். "இவன்ர டெப்பில என்ன கிடக்கு? பூனை."

"முந்நூறு பேர் ஏறின பஸ் எண்டு தெரியுது," என்றான் டிலுக்ஷன். "மூச்சு வாங்குது பார்."

"உன்ரயில ஒரு ஓட்டைதான். கிற்றாரைக் குத்தினா சார்ஜ் போட ஏலாது. சார்ஜைப் போட்டா கிற்றார் குத்த ஏலாது."

"எனக்கு ஒரு கிற்றார்தானே கிடக்கு. ஒரு ஓட்டை போதும்."

றெக்சன் வாசித்தான். டிலுக்ஷன் விரும்பியதைவிட நன்றாகவே வாசித்தான். ஆனால் சத்தத்துக்கு அடியில் 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், கொட்டிலுக்குள் ஒரு பெரிய தேனீ கோபித்துக்கொண்டு இருப்பதுபோல. பாடகி நிரோஷினி ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடி, "கம்பியில ஏதோ தூசி," என்று அவனுடைய கிற்றாரில் மற்றக் கையை வைத்தாள்.

"ஐயோ!"

"என்ன?"

"கறண்ட் அடிக்குதடா! உன்ர கிற்றார் என்னைக் கொல்லப் பாக்குது!"

"அது சார்ஜரால வாறது," என்றான் றெக்சன். "ஏர்த் இல்லாத பிளக். சின்னச் சுள்தான்."

"நீ உன்ர வாயை இந்த மைக்கில வைச்சுச் 'சின்னச் சுள்' எண்டு சொல்லு பாப்பம்."

சார்ஜரைக் கழற்றினான். இரைச்சல் நின்றது. சிறிது நேரத்தில் லெப்டொப்பும் நின்றது. அதன் பற்றரி சுவிஸிலேயே ஓய்வு பெற்றுவிட்டிருந்தது.

பேணாட் அண்ணை பெருமூச்சு விட்டார். "செபம் சொல்லேக்க இரையும் எண்டு ஜெனரேற்றர் ஏத்த வேண்டாமெண்டிட்டார் பங்குச் சுவாமி. மிக்சரையும் போட் பற்றரியிலதான் ஓட்டப்போறன். சார்ஜர் குத்த அங்க ஒண்டும் இல்லை. டிலுக்ஷன் ஏறட்டும்."

டிலுக்ஷன் துள்ளவில்லை. டெப்பை ஒருமுறை தடவிக்கொடுத்தான். பூனைகள் அவனைப் பார்த்தன.

திருநாளன்று பின்னேரம் வெயில் கடலிலும் அடித்தது, கடலில் பட்டுத் திரும்பி முகத்திலும் அடித்தது. முன்னால் பெரிய படகில், வெள்ளைப் பட்டுக்குடையின் கீழ் மாதா சுரூபம். அதில் பங்குச் சுவாமியும் பீடப்பணியாளர்களும். பின்னால் கடதாசிக் கொடி கட்டிய வள்ளங்கள் ஒரு கூட்டம். நடுவில் நங்கூரம் குழுவின் படகு: பேணாட் அண்ணை, நிரோஷினி, மேளக்காரன் தனஞ்சயன், டிலுக்ஷன். இடம் கிடைக்காவிட்டாலும் றெக்சன் ஏறியிருந்தான். "வயர் சுத்த ஒராள் வேணும்தானே," என்றான். தோல்வியை அவன் இவ்வளவு பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டது டிலுக்ஷனுக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். சந்தோசத்தில் இருப்பவனுக்குச் சந்தேகம் வருவதில்லை.

படகு வெளிக்கிடவும் டெப்பின் திரை கறுத்தது. நடுவில் ஒரு வெப்பமானிப் படம். சூடாகிவிட்டதாம், ஆறும்வரை வேலை செய்யாதாம்.

"அண்ணை! டெப் சுட்டுப்போச்சு!"

நகரத்து இளைஞன் ஒருவன் இந்த இடத்தில் என்ன செய்திருப்பானோ தெரியாது. பேணாட் அண்ணை யோசிக்கக்கூட இல்லை. படகின் நடுவில் கிடந்த மீன் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே அடியில் கிடந்த ஐஸ் கட்டியை மேலே இழுத்து, அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டார். "வை."

"இதிலயோ?"

"சூரை மீன் ரண்டு நாள் பழுதாகாமல் கிடக்குது. உன்ர டெப் ரண்டு மணித்தியாலம் கிடக்காதே?"

டெப் சாக்கின்மேல் படுத்தது. சிறிது நேரத்தில் உயிர் வந்தது. டிலுக்ஷன் கடவுளுக்கு நன்றி சொன்னான்; சூரை மணத்தது.

"வெயில் படாமல் ஒரு குடையும் பிடிக்கவேணும்," என்று பேணாட் அண்ணை சுற்றுமுற்றும் பார்த்தார். படகில் சும்மா நின்றவன் ஒருவன்தான். "றெக்சன், பிடி."

றெக்சன் குடையை விரித்தான். அது பழைய கறுப்புக் குடை. ஒரு கம்பி மட்டும் துணியை விட்டு வெளியே நீண்டிருந்தது.

நிரோஷினி மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சுற்றுப்பிரகாரத்தில ரண்டு குடை. ஒண்டு மாதாவுக்கு. ஒண்டு டெப்புக்கு."

"மாதாவின்ர குடையைப் பிடிக்கிறவைக்கு வெள்ளை அங்கி குடுத்திருக்கினம்," என்றான் றெக்சன். "எனக்கு?"

"உனக்கு ஐஸ் குடுத்திருக்கு."

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் டிலுக்ஷன் 'கிணறு' சதுரத்தைத் தொட்டுவிட்டு ஒரு சின்னத் துண்டு தனியாக வாசித்தான். பக்கத்து வள்ளத்தில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான்கு வருடத்தில் அவன் வாசித்ததற்காகத் திரும்பிய முதல் தலை அது. அவன் அந்தத் தலையை மனதில் குறித்துக்கொண்டான்: வழுக்கை, இடது காதில் பஞ்சு.

துறைமுக வாயை அணுகும்போது கச்சான் காற்று எழும்பியது. படகு அலையில் குத்தி எழும்ப, உப்புநீர் விசிறி அடித்தது. குடை காற்றுக்கு எதிராக விரிந்து அதையெல்லாம் வாங்கிக்கொண்டது. அப்போது சுவாமி ஒலிபெருக்கியில், "இப்போது அமைதியாகச் செபிப்போம்" என்றார். எல்லாப் படகுகளும் எஞ்சினைத் தணித்தன. டிலுக்ஷன் பின்னணிக்கு ஒரே ஒரு கம்பியை மெல்லத் தொட்டான், ஒரு பஞ்சுத் துண்டைத் தரையில் வைப்பதுபோல.

டெப்பில் ஒரு துளி விழுந்தது.

பழைய பஸ் ஸ்டார்ட் ஆனது.

துறைமுகம் முழுவதும் அந்த உறுமல் உருண்டு, கரையில் மோதித் திரும்பி வந்தது. கண்ணை மூடியிருந்த முப்பது வள்ளங்களும் கண்ணைத் திறந்தன. சுவாமி திரும்பிப் பார்த்தார். மாதா மட்டும்தான் திரும்பவில்லை.

டிலுக்ஷன் போட்டிருந்த சேட்டைக் கழற்றாத குறையாக இழுத்துத் திரையைத் துடைத்தான். துடைத்த இடமெல்லாம் திரை அவன் விரல் என்று நினைத்துக்கொண்டது. 'கொத்து' சேர்ந்தது. உறுமல் இப்போது டக்கு டக்கு டக்கு என்று வெட்டுப்பட, கடலின் நடுவில் ஒரு கொத்துரொட்டிக் கடை திறந்ததுபோல் இருந்தது. அவன் ஈர விரலால் நிப்பாட்டப் பார்த்தான். ஈர விரலை மட்டும் திரை விரல் என்று ஒப்புக்கொள்ள மறுத்தது.

அவன் கம்பிகளைப் பொத்தினான். லீட் இடம் படகின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கிக் கடலுக்குள் வைக்கப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

"நிப்பாட்டாத!" நிரோஷினி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நிப்பாட்டினாத்தான் பிழை எண்டு தெரியும். வாசி!"

"என்னத்தை வாசிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? எதையாவது! நான் பின்னால வாறன்!"

அவன் வாசித்தான். கையில் வந்ததை வாசித்தான். தனஞ்சயன் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டி அதை வேண்டுமென்று செய்ததாக்கினான். பேணாட் அண்ணை, படகு கவிழ்ந்தாலும் பேஸை விடாத முகத்தோடு அடியில் வந்து சேர்ந்தார். இன்னொரு துளி. 'கொத்து' நின்று 'யானை' வந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் ஒரு பெரிய சுரம் காலை ஊன்றியது. பிறகு இன்னொன்று, 'கிணறு' சதுரத்துக்குப் பக்கத்தில், எதிரொலியின் ஆழத்தைக் கூட்ட விரலால் இழுக்கிற நீளக்கோட்டின் உச்சியில் விழுந்து, அங்கே நில்லாமல், படகின் சாய்வோடு மெல்ல மெல்ல வழியத் தொடங்கியது. துளி நகர நகரச் சத்தம் திறந்தது. கிணறு குளமானது. குளம் துறைமுகமானது. கடலுக்கு அடியில் ஒரு பெரிய கோயில் இருந்து அதில் யாரோ ஓர்கன் வாசிப்பதுபோல அந்தச் சத்தம் படகுகளின் கீழிருந்து எழும்பி வந்தது. நிரோஷினி அதற்குமேல் குரலை எடுத்தாள். சொற்கள் இல்லை, ஒரே ஓர் 'ஆ'. டிலுக்ஷனுக்கு மயிர்க்கால் எல்லாம் நிமிர்ந்தது. தன்னுடைய கையில் இருந்து இது வருகிறது என்று அவனுக்கு நம்ப முடியவில்லை. அது நியாயமான சந்தேகம்தான்.

முதலில் ஒரு வள்ளம் ஹோர்ன் அடித்தது. பிறகு எல்லாம் அடித்தன. தூரத்தில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்று கூட என்ன ஏது என்று தெரியாமல் நீளமாக ஒருமுறை ஊதியது. வழுக்கைத் தலைக்காரர் காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டார்.

கரைக்கு வந்ததும் சுவாமி அங்கியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தார். டிலுக்ஷன் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமானான்.

"தம்பி, முதல் நான் பயந்துபோனன்," என்றார் சுவாமி. "பிறகு, இவ்வளவு காலமும் இதை ஏன் செய்யேல்லை எண்டு யோசிச்சன். மாதாவை இப்ப கரையில இறக்கப் போறம். இறக்கேக்க அந்தச் சத்தம் வேணும். அந்தத் திறந்து வாற சத்தம். ஏலுமே?"

"ஓம் சுவாமி," என்றது டிலுக்ஷனின் வாய், அவனைக் கேட்காமல்.

பேணாட் அண்ணை அவன் தோளில் தட்டினார். "அதைத் திரும்ப வாசி. லீட் உனக்கு. வாசிக்காட்டி, கடல்தான் வாசிச்சது எண்டு நான் விளங்கிக்கொள்ளுறன்."

டிலுக்ஷன் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். எந்தச் சதுரம் முதல், எது பிறகு, எதை நிப்பாட்டியது எது, ஒன்றும் தெரியாது. வாசித்துக்கொண்டிருந்தவன் திரையைப் பார்க்கவில்லை. பஸ்ஸையும் யானையையும் அமத்திப் பார்த்தான். பஸ்ஸில் யானை ஏறியதுபோல் இருந்தது. கரையில் தோள் கொடுப்பவர்கள் சுரூபத்துக்குக் கீழே நிற்கத் தொடங்கிவிட்டார்கள். கூட்டத்தில் முன்வரிசையில் அம்மா.

"மச்சான்." காதுக்குப் பக்கத்தில் றெக்சன். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எந்தத் துளி எதில விழுந்தது எண்டு. நான்தானே மேல நிண்டனான்." குடையைச் சுருக்கி, துருத்திக்கொண்டிருந்த அந்தக் கம்பியைத் தடவினான். "முதல் துளி காத்தில்ல, மச்சான். நான். செபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடேக்க குடையைக் கொஞ்சம் சாய்ச்சனான்."

டிலுக்ஷன் அவனைப் பார்த்தான். கிற்றாரைத் தூக்கி அடிக்கலாம். ஆனால் கிற்றார் இப்போது தேவை.

"நாயே."

"ஓம். முதல் துளி உன்னைக் கவிழ்க்கத்தான். பிறகு..." றெக்சனின் முகத்தில் வெட்கத்துக்குப் பதிலாக வேறொன்று பளபளத்தது, டிலுக்ஷனுக்கு அது தெரிந்த பளபளப்பு. "பிறகு நல்லா இருந்ததடா! யானைக்கும் கிணத்துக்கும் நான் வேணுமெண்டே குறி வைச்சு விட்டனான். படகு ஆடுது, கம்பி ஆடுது, துளி ஆடுது, சரியாப் போய் விழுது! இப்பிடி ஒண்டை நான் என்ர சீவியத்தில வாசிச்சதில்லை!"

"சரி, எதுக்குப் பிறகு எது எண்டு சொல்லு. நான் அமத்துறன்."

"சதுரத்தை நீ அமத்துவாய். அந்த நீளக்கோட்டை? அது மெதுவா வழிஞ்சது. விரலால இழுத்துப் பார்."

டிலுக்ஷன் விரலால் இழுத்துப் பார்த்தான். சத்தம் கதவை உதைத்துத் திறந்ததுபோல் வந்தது. இன்னும் மெதுவாக இழுத்தான். விரல் திரையில் தத்தித் தத்திப் போனது. அந்தத் துளிக்கு இருந்த பொறுமை அவன் விரலுக்கு இல்லை.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒவ்வொரு கல்யாணத்திலயும் ரண்டு பாட்டுக்கு நான் லீட்."

"ஒண்டு."

"ரண்டு."

தோள்கள் எழும்பின. மாதா அசைந்தார்.

"ஒண்டரை!" என்றான் டிலுக்ஷன்.

"சரி!"

அரைப் பாட்டு என்றால் என்ன என்று யோசிக்க இருவருக்கும் நேரம் இல்லை. குடை காய்ந்துபோயிருந்தது. திருநாளுக்குத் தைத்த புது லோங்ஸ் காற்சட்டையோடு றெக்சன் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, குடையை விரித்து, அதை ஒருமுறை கடலுக்குள் அமிழ்த்தி எடுத்தான். கரையில் நின்ற ஊர் முழுவதும் அதைப் பார்த்தது. ஞானஸ்நானம் பெற்ற குடையைத் தலைக்குமேல் பிடித்தபடி அவன் படகில் ஏறி, ஐஸ்பெட்டிக்கு மேல் குடைக்கம்பியைச் சரிபார்த்து, ஒரு கண்ணை மூடினான்.

"தட்டு," என்றான்.

டிலுக்ஷன் கிற்றார்க் கம்பியைத் தட்டினான். துளி. பஸ் உறுமியது. துளி. யானை காலை ஊன்றியது. மூன்றாவது துளி குடைக்கம்பியின் நுனியில் பெருத்து, தொங்கி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. றெக்சன் மூச்சை விடவில்லை. டிலுக்ஷன் சுரத்தை விடவில்லை. நிரோஷினி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

விழுந்தது. வழிந்தது.

கடலுக்கு அடியில் இருந்த கோயில் கதவு திறந்தது. மாதா குடையின் கீழ் கரையில் கால் வைக்க, ஊர் ஒரே குரலில் பாட்டை எடுத்தது. வெடி கொளுத்துகிறவர்கள் கொளுத்த மறந்து நின்றார்கள். டிலுக்ஷன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். யாரும் அடங்கவில்லை, எல்லாரும் பாடினார்கள், ஆனாலும் அவன் வாசித்தது கேட்டது. அவனுக்கே கேட்டது.

முடிந்ததும் பேணாட் அண்ணை வயர்களைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "லீட் உனக்குத்தான்ரா. வாற சனிக்கிழமை சாம்பல்தீவில கல்யாணம். ஹோலுக்குள்ள. மழையில்லை, வெயிலில்லை."

"ஓம் அண்ணை."

"குடையைக் கொண்டு வா. பிடிக்கிறவனையும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். முதலில் றெக்சனின் நனைந்த லோங்சைப் பார்த்தாள். பிறகு மீன் மணக்கிற டெப்பைப் பார்த்தாள். தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இண்டைக்கு," என்றாள், "நீ சொறிஞ்சது எனக்குக் கேட்டது."